அசையாத முள்

அந்தத் தெருவில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் கிடையாது. சின்னவர்கள், பெரியவர்கள் எல்லோருக்கும் அவள் செக்கிங் அக்காதான். துணி ஏற்றுமதி செய்கிற கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தவள். தைத்து வந்த சட்டையை வெளிச்சத்தில் விரித்துப் பிடித்து, பிசிறு விட்ட இடத்தையும் தையல் வழுக்கிய இடத்தையும் கண்டுபிடித்து, சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவது அவள் வேலை. ஒருநாள் முதலாளி கம்பெனியை மூடிவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். வேலை போயிற்று. பெயர் மட்டும் அவளோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

உண்மையில் எதையும் சோதித்துப் பார்க்கிற அந்தக் குணம் கம்பெனி கொடுத்ததில்லை. பிறவியிலேயே பயந்தவள். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவாள், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். அடுப்பை அணைத்தோமா என்று பஸ்ஸில் ஏறியபிறகு சந்தேகம் வந்தால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவாள். இடி இடித்தால் வீட்டிலுள்ள பிளக்கை எல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கட்டிலின் நடுவில் போய் உட்கார்ந்துகொள்வாள். அவள் கணவர் பேக்கரியில் அடுப்பு வேலை பார்ப்பவர். நெருப்போடு பழகிப் பழகி அவருக்கு எதற்கும் பயம் விட்டுப்போயிருந்தது. "இவ பயத்தைப் பார்த்துப் பயந்துதான் பேய் பிசாசெல்லாம் நம்ம தெருப்பக்கம் எட்டிப் பார்க்கிறதில்ல" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

நூலகத்துக்குப் பின்னால் சும்மா கிடந்த அறையில் 'தூக்கிப் போடாதீங்க, கொண்டு வாங்க' என்று போர்டு மாட்டியபோது, இவள் அங்கே போய் நிற்பாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. தெருக்காரர்கள் சங்கமாகச் சேர்ந்து ஆரம்பித்த காரியம் அது. வீட்டில் ஓடாமல் கிடக்கிற மின்விசிறி, இஸ்திரிப் பெட்டி, கெட்டில், ரொட்டி சுடும் பெட்டி எதுவானாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே கொண்டுவந்து போடலாம். ஓய்வு பெற்ற வயர்மேன் ஒருவர் பிரித்து மேய்ந்து சரிசெய்வார். சரியானதைத் தேவைப்படுகிறவர்கள் சும்மா எடுத்துக்கொண்டு போகலாம். சரியாகாததிலிருந்து செம்பு, இரும்பு, பிளாஸ்டிக் என்று தனித்தனியாகப் பிரித்து மறுசுழற்சிக்கு அனுப்புவார்கள்.

தன் வீட்டுப் பழைய விசிறியைக் கொடுக்கப் போனவள், மேஜையில் திறந்து கிடந்த இஸ்திரிப் பெட்டியைப் பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் போனாள்.

"அண்ணே, அது பிளக்ல இருக்கா?"

"இல்லம்மா."

"நிச்சயமா இல்லையே?"

வயர்மேன் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். "உன்ன மாதிரி ஒரு ஆளத்தான் நான் தேடிக்கிட்டு இருக்கேன். எனக்குப் பயம் கிடையாது. அதனால எனக்கே என் மேல நம்பிக்கை கிடையாது. கடைசியா எல்லாத்தையும் பார்த்து அனுப்புறதுக்குப் பயப்படுற ஆள் வேணும்."

அப்படித்தான் அவள் அங்கே கடைசி மேஜைக்கு வந்து சேர்ந்தாள். அந்த மேஜையில் ஒரு பெட்டி உண்டு. மின்சாரம் கசிகிறதா என்று பார்க்கிற பெட்டி. அதிலிருந்து இரண்டு வயர்கள் வரும், நுனியில் முதலை வாய் மாதிரி கிளிப். ஒன்றைப் பிளக்கின் ஊசிகளில் கடிக்க வைக்க வேண்டும், மற்றதைப் பொருளின் உலோக உடம்பில். பித்தானை அழுத்தினால், உள்ளே கசிவு இருந்தால் முள் துள்ளிச் சிவப்புக்குப் போகும். கசிவு இல்லையென்றால் முள் அசையாது. அசையாத பொருளுக்குப் பச்சை ஸ்டிக்கர். அவ்வளவுதான் வேலை. அதையும் அவள் ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு தடவை செய்வாள். வாங்க வந்தவர்கள் கொட்டாவி விடுவார்கள். பேக்கரிக்காரர், "பொண்டாட்டி இப்போ கரண்ட்டுக்கே ஸ்டிக்கர் ஒட்டுறா" என்று பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

குளிர் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை அறையில் நல்ல கூட்டம். அன்றைக்கு அவள் மேஜைக்கு வந்த பொருள் ஒன்றிலும் முள் அசையவில்லை. பச்சை, பச்சை, மறுபடியும் பச்சை. சாதாரணமாகப் பத்துக்கு இரண்டு பொருளாவது சிவப்புக்குப் போகும். "அண்ணே, இன்னிக்கு உங்க கை ராசியான கை" என்று அவள் சொல்ல, வயர்மேனும் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். சலூன்காரர் முடி உலர்த்தும் மிஷினை எடுத்துக்கொண்டார். டியூஷன் டீச்சர் விசிறி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனார். ரொட்டி சுடும் பெட்டி, இஸ்திரிப் பெட்டி, கெட்டில் எல்லாம் போயின. வாளியில் போட்டுத் தண்ணீர் காய வைக்கிற ஹீட்டர் ராடு ஒன்று இருந்தது. அதை முன்பின் தெரியாத ஒரு பெண், துணிப்பையில் போட்டுக்கொண்டு, "ரொம்ப உபகாரங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இரண்டு நாள் கழித்து, காலையில் மூன்றாவது வீட்டு அம்மா ஒரு மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு அக்காவின் வாசலில் வந்து நின்றாள். "தொட்டா சுள்ளுன்னு அடிக்குது. ஞாயித்துக்கிழமை வரைக்கும் இதை வீட்டுல வெச்சுக்க எனக்குத் தைரியம் இல்ல."

அறையின் சாவி அக்காவிடம்தான் இருந்தது. திறந்தாள். மிக்ஸியை மேஜையில் வைத்து, கிளிப்புகளை மாட்டி, பித்தானை அழுத்தினாள்.

முள் அசையவில்லை.

"ஒண்ணும் இல்லையேங்க, நல்லாத்தான் இருக்கு."

"என்ன நல்லாத்தான் இருக்கு? என் கையக் கேளு, சொல்லும்!"

அக்கா ஓரமாக நின்றுகொண்டு மிக்ஸியைப் பிளக்கில் செருகி, டெஸ்டரின் நுனியை அதன் இரும்பு உடம்பில் தொட்டாள். டெஸ்டருக்குள் இருந்த சின்ன விளக்கு பளிச்சென்று எரிந்தது.

ஸ்விட்சை அணைத்தாள். மிக்ஸியைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். மறுபடி கிளிப்பை மாட்டி அழுத்தினாள். முள் கல் மாதிரி இருந்தது. பித்தானை விடாமல், மற்ற கையால் வயரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவிக்கொண்டே போனாள். கிளிப்புக்கு ஒரு சாண் முன்னால், வழக்கமாக மடித்துச் சுருட்டி வைக்கிற இடத்தில், விரல் பட்டு வயர் வளைந்தபோது முள் துள்ளிச் சிவப்புக்குப் போய்விட்டு விழுந்தது. வயருக்கு மேலே தோல் நன்றாக இருந்தது. உள்ளே கம்பி அறுந்திருந்தது.

முதலில் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. பிறகு ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. பச்சை, பச்சை, பச்சை.

மூன்றாவது வீட்டு அம்மா ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். வாய் அசைவது தெரிந்தது, சத்தம் காதில் ஏறவில்லை. அப்போதே கம்பி அறுந்திருக்க வேண்டும். அன்றைக்கு அவள் உண்மையில் ஒரு பொருளையும் சோதிக்கவே இல்லை. ஸ்டிக்கர் ஒட்டினாள், அவ்வளவுதான். தன் கையால் ஒட்டிய ஸ்டிக்கரை நம்பி அத்தனை பேர் அத்தனை வீட்டில் பிளக்கைச் செருகிக்கொண்டிருக்கிறார்கள்.

வயர்மேன் தன் மகள் வீட்டுக்கு வெளியூர் போயிருந்தார். போனில் பிடித்தாள். நடந்ததைச் சொன்னாள்.

"பதறாத. எல்லாம் நான் பிரிச்சுப் பார்த்து மாட்டினது. ஒண்ணும் ஆகாது" என்றார் அவர்.

"ஆச்சுன்னா?"

"ஆகாதுங்கிறேன். நீ இப்போ வீடு வீடாப் போய்ச் சொன்னேன்னு வெச்சுக்க, நாளைக்கே அந்த அறைக்குப் பெரிய பூட்டாப் போட்டுடுவாங்க. ஞாயித்துக்கிழமை நான் வந்துடுறேன். நைசா ஒவ்வொண்ணா வாங்கிப் பார்த்துக் கொடுத்துடலாம்."

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் யாரும் அதைத் தொடாம இருப்பாங்களாண்ணே?"

"நீயா எதையாவது நினைச்சு நினைச்சு..." என்று ஆரம்பித்தார். அவள் போனை வைத்துவிட்டாள். வாழ்க்கையில் யார் பேச்சையும் அவள் பாதியில் வெட்டியதில்லை.

அறுந்த இடத்துக்கு மேலே வயரை வெட்டி, தோலைப் பல்லால் சீவி, கம்பியைக் கிளிப்பில் முறுக்கினாள். மிக்ஸியில் வைத்துப் பார்த்தாள். முள் துள்ளியது. பெட்டியையும் மிக்ஸியையும் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். பேக்கரிக்காரர் வேலைக்குப் போயிருந்தார். நாத்தனார் வாசலில் ஸ்கூட்டரில் பார்சல்களைக் கட்டிக்கொண்டிருந்தாள். வீடு வீடாகப் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை அவளுக்கு. வாய்த் துடுக்கு ஜாஸ்தி. அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் அந்த வாயும் மூடிக்கொண்டது.

"அண்ணி, யாருக்கு என்ன?"

"யாருக்கும் இன்னும் ஒண்ணும் இல்ல. உன் வண்டியில என்னை ஏத்திக்கோ."

அண்ணி ஸ்கூட்டரில் ஏறுவாள் என்று நாத்தனார் கனவிலும் நினைத்ததில்லை. பார்சல்களை அப்படியே வாசலுக்குள் தள்ளிவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.

டியூஷன் டீச்சர் வீட்டில் விசிறி ஓடிக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் உடம்பு, பெரிய ஆபத்தில்லை என்று தெரிந்தும் அக்கா அதைப் பிடுங்கிச் சோதித்தாள். முள் அசையவில்லை. இந்த முறை அசையாததும் பயமாக இருந்தது. பையில் மிக்ஸியும் கூடவே வந்திருந்தது. அதில் கிளிப்பை வைத்துப் பார்த்து, முள் துள்ளியபிறகுதான் விசிறியை நம்பினாள். டீச்சர் கதையைக் கேட்டுவிட்டுக் கோபப்படவில்லை. ஆனால் விசிறியைத் திரும்பப் போடவும் இல்லை. "இருக்கட்டும், அப்புறமாப் போட்டுக்கறேன்" என்று சுவரோரம் தள்ளி வைத்தார். அந்தத் தள்ளலை அக்கா கவனித்தாள்.

ரொட்டி சுடும் பெட்டி நல்லது. இஸ்திரிப் பெட்டி நல்லது. கெட்டிலை எடுத்தவர்கள் அவளைக் கதவுக்கு வெளியிலேயே நிற்க வைத்து, "இதைத்தான் சொல்றது, சும்மா கிடைக்குதுன்னு எதையும் வாங்கக் கூடாதுன்னு" என்று அவள் காதுபடச் சொன்னார்கள். அதுவும் நல்ல கெட்டில்தான். நல்லது என்று தெரிய வரும் ஒவ்வொரு தடவையும் நாத்தனாருக்கு முகம் தெளிந்தது. அக்காவுக்குத் தெளியவில்லை. பத்துக்கு இரண்டு பொருளாவது சிவப்புக்குப் போகும் என்பது அவளுக்குத் தெரியும். அந்தச் சிவப்பு இன்னும் வரவில்லை. அப்படியானால் அது மிச்சமிருக்கிற ஏதோ ஒன்றில் உட்கார்ந்திருக்கிறது.

மிச்சம் இரண்டே பேர். சலூன்காரர், அப்புறம் அந்தத் துணிப்பைப் பெண்.

சலூன்காரர் ஒருவருக்குப் பாதி முகம் சோப்புப் போட்ட நிலையில் திரும்பினார். "அக்கா, என்ன, போலீஸ் துரத்துதா?"

முடி உலர்த்தும் மிஷினைச் சோதித்தாள். நல்லது. அக்கா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். அப்படியானால் ராடு. தண்ணீரும் மின்சாரமும் ஒன்றாக இருக்கிற பொருள். அதுவும் யாரென்றே தெரியாத ஒருத்தியிடம்.

"ஞாயித்துக்கிழமை ஒரு பொண்ணு. நடுத்தர உயரம், துணிப்பை, இந்த ஏரியாவுக்குப் புதுசு. ஹீட்டர் ராடு வாங்கிட்டுப் போச்சு. உங்களுக்குத் தெரியுமாண்ணே?"

அவர் கத்தியைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். "இந்த ஊர்ல பாதிப் பேரு நடுத்தர உயரம், மீதிப் பேரு துணிப்பை."

"அண்ணே, விளையாடாதீங்க." அவள் குரல் உடைந்தது. பாதிச் சோப்பு முகக்காரர் கூடக் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார்.

சலூன்காரர் முகம் மாறியது. "இருங்க. கையெல்லாம் வெளுத்து ஊறிப்போன மாதிரி இருந்துச்சா?"

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். ஸ்டிக்கர் ஒட்டிய ராடை வாங்க நீண்ட கை மனதில் வந்தது. விரல் நுனியெல்லாம் சுருங்கி, வெள்ளை வெள்ளையாக. "ஆமா! ஆமாண்ணே!"

"அப்போ லாண்டரியில வேலை செய்யுற பொண்ணு. ஆஸ்பத்திரித் துணியெல்லாம் வெளுக்கிற பெரிய லாண்டரி இருக்கில்ல, என் கடைத் துண்டையும் அங்கதான் போடுறேன். புதுசாச் சேர்ந்திருக்கு."

நாத்தனாருக்கு அந்த இடம் தெரியும். குறுக்குச் சந்துகளில் வண்டியை விட்டாள். அக்கா இரண்டு கையாலும் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு, கண்ணைத் திறக்கவே இல்லை.

லாண்டரிக்குள் ஒரே ஆவி. பெரிய பெரிய டிரம்கள் சுற்றும் இரைச்சலில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. மேற்பார்வையாளர் உள்ளே விடமாட்டேன் என்றார். நாத்தனார் அவரோடு மல்லுக்கு நிற்க, அந்த இடைவெளியில் அக்கா உள்ளே நுழைந்துவிட்டாள். மின் யந்திரங்களுக்கு நடுவில், ஈரத் தரையில், செருப்பை நனைத்துக்கொண்டு நடந்தாள். வேறொரு நாளாயிருந்தால் அந்த வாசற்படியைக் கூட மிதித்திருக்க மாட்டாள்.

வெள்ளைத் துணி மலைக்குப் பின்னால் அந்தப் பெண் நின்றிருந்தாள்.

"அந்த ராடு... ஞாயித்துக்கிழமை கொடுத்தேனே... அதை உபயோகப்படுத்தினீங்களா?"

"ஆமாங்க. ரெண்டு நாளா அதுலதான். ஏன்?"

"இப்போ வீட்டுல யாரு இருக்கா?"

"வீட்டுக்காரர். ராத்திரி வேலை. குளிர்பதனக் கிடங்குல வாட்ச்மேன். விடிஞ்சு வந்து படுப்பாரு, மதியம் எழுந்து..." அவள் பேச்சு நின்றது. அக்காவின் முகத்தில் எதையோ படித்துவிட்டாள். "எழுந்து குளிப்பாரு. என்னங்க? என்ன ஆச்சு?"

அக்கா சொன்னாள். மறைக்காமல், சுற்றி வளைக்காமல் சொன்னாள். நான் சோதிக்காமலேயே கொடுத்துவிட்டேன், அதில் மின்சாரம் கசியலாம், தண்ணீரில் கை வைத்தால் உயிருக்கு ஆபத்து. அந்தப் பெண் கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டுப் போனை எடுத்தாள். மணி அடிக்கவே இல்லை. "தூங்குறப்ப ஆஃப் பண்ணி வெச்சிருவாரு" என்றாள். அவள் உதடு வெளுத்திருந்தது.

மூன்று பேர் ஒரே ஸ்கூட்டரில் போனார்கள். நடுவில் உட்கார்ந்திருந்த அக்காவின் தோளை அந்தப் பெண்ணின் விரல்கள் இறுக்கிப் பிடித்திருந்தன. அது விழுந்துவிடாமல் இருக்கப் பிடித்த பிடியா, ஆத்திரத்தில் பிடித்த பிடியா என்று தெரியவில்லை. எதுவானாலும் தகும் என்று அக்கா நினைத்துக்கொண்டாள். சிக்னலில் நின்ற நேரம் ஒரு யுகமாகப் போயிற்று. வழியில் ஒரு ஆம்புலன்ஸ் எதிரே வந்தது. மூன்று தலையும் சேர்ந்தாற்போல் அது போன திசைக்குத் திரும்பின.

பழைய மூன்று மாடிக் கட்டடம். அவர்கள் வீடு தரைத்தளத்தில், மாடிப்படிக்கு அடியில். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. அந்தப் பெண் இரண்டு கையாலும் கதவை இடித்தாள். "என்னங்க! என்னங்க, கதவத் திறங்க!"

பதில் இல்லை.

அக்கா ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்துப் பார்த்தாள். பாய் காலியாக இருந்தது. போர்வை ஒரு பக்கம் கிடந்தது. எதிர்ச் சுவரில் பிளக், அதிலிருந்து ஒரு கறுப்பு வயர் தரையில் நெளிந்து போய் குளியலறைக் கதவுக்கு அடியில் நுழைந்திருந்தது. பிளக்கின் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"மீட்டர் பெட்டி எங்க?"

"மாடிப்படிக்கு அந்தாண்ட..."

ஒட்டடை படிந்த பலகையில் வரிசையாகச் சுவிட்சுகள். எது யாருடையது என்று எழுதியிருந்ததெல்லாம் அழிந்துபோயிருந்தது. திறந்த வயர்கள் பல்லைக் காட்டிக்கொண்டு தொங்கின. இப்படி ஒரு பலகையைக் கண்டாலே தெருவின் அந்தப் பக்கம் மாறி நடப்பவள் அவள். கையை நீட்டி ஒன்று, இரண்டு, மூன்று என்று எல்லாவற்றையும் கீழே இழுத்தாள். மாடியில் யாரோ வீட்டுப் பாட்டு பாதியில் நின்றது. யாரோ "அட, கரண்ட் போச்சு" என்றார்கள்.

பிறகு நிசப்தம். மூவரும் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அக்கா அந்த நிசப்தத்தில் என்னென்னவோ கேட்டாள். ஈரத் தரையில் ஒரு உடம்பு, வாளி கவிழ்ந்த சத்தம், நாளைக்கு இந்த வாசலில் கூடப்போகிற கூட்டம். வேண்டிக்கொள்ளக் கூட வார்த்தை வரவில்லை.

தாழ்ப்பாள் நகரும் சத்தம் கேட்டது.

கதவைத் திறந்தவர் இடுப்பில் துண்டோடு, தூக்கம் கலையாத கண்ணோடு நின்றார். காதில் பஞ்சு. "எந்த வீணாப்போனவன் கரண்ட்டை நிறுத்தினான்? தண்ணி இப்போதான் சூடாக ஆரம்பிச்சுது..." என்றவர், வாசலில் மனைவி நிற்கிற கோலத்தைப் பார்த்துப் பஞ்சைப் பிடுங்கினார். "ஏன் அழுவுற? வீட்டுல யாருக்காவது எதாவதா?"

அவள் அவர் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மார்பில் இரண்டு குத்துக் குத்தினாள்.

அக்கா உள்ளே போய்ப் பிளக்கைப் பிடுங்கினாள். வாளியிலிருந்து ராடைத் தூக்கித் துடைத்து, கிளிப்புகளை மாட்டி, பித்தானை அழுத்தினாள். முள் சிவப்பையும் தாண்டிக் கடைசிக் கோட்டில் போய் முட்டி நின்றது. ராடின் வளைவில் தலைமுடி மாதிரி ஒரு விரிசல் இருந்தது. விரல் நகம் பட்டால்தான் தெரியும்.

விஷயத்தைக் கேட்ட வாட்ச்மேன் வாளியைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "நேத்தும் முந்தாநாளும் சூடு பார்க்க விரல விட்டப்போ ஒரு மாதிரி குறுகுறுன்னு இருந்துச்சு. கிடங்குக் குளிர்ல கை மரத்துப்போச்சுன்னு நினைச்சேன்."

"கால்ல என்ன போட்டிருந்தீங்க?" அக்கா கேட்டாள்.

"ரப்பர் செருப்பு. தரை ஜில்லுன்னு இருக்குமில்ல."

எல்லோரும் அவர் காலைப் பார்த்தார்கள். வெறுங்கால். பாதத்தின் ஈரம் சிமெண்டுத் தரையில் அச்சாகப் பதிந்திருந்தது.

"இன்னிக்குக் காலையில வார் அறுந்துபோச்சு" என்றார் அவர். "சூடு பார்க்கத்தான் கிட்டக்கப் போனேன். அதுக்குள்ள விளக்கு அணைஞ்சிடுச்சு."

அக்கா அங்கேயே, குளியலறை வாசலில், ஈரத்தில் உட்கார்ந்துவிட்டாள். நாத்தனார் தண்ணீர் கொடுத்தாள். மாடியிலிருந்து ஆட்கள் இறங்கி வந்து கரண்ட்டை நிறுத்தியது யார் என்று சத்தம் போட, நாத்தனார் பழைய வாயை மீட்டுக்கொண்டு அவர்களைச் சமாளித்தாள்.

வெளியே வரும்போது அந்தப் பெண் அக்காவைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "போயிடுங்க." கோபமாகக் கூடச் சொல்லவில்லை. அதுதான் அக்காவுக்குத் தாங்கவில்லை.

அன்று சாயந்திரம் பேக்கரிக்காரர் எல்லாவற்றையும் கேட்டார். சிரிக்கவில்லை. "நாளைக்கு உனக்குப் பதிலா நான் வந்து சங்கத்துல சொல்லட்டுமா?" என்றார். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

அவளே சொன்னாள். தெருக்காரர்கள் கூடிய கூட்டத்தில், உட்காரச் சொல்லியும் உட்காராமல், நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு முழுக்கச் சொன்னாள். ஊரிலிருந்து அவசரமாக வந்திருந்த வயர்மேன் கடைசி வரிசையில் தலையைக் குனிந்தபடி இருந்தார். அவர் மாட்டிய ராடு அது. சிலர் கத்தினார்கள். சிலர், நல்லவேளை என்றார்கள். அறையைப் பூட்டினார்கள். அடுத்த வாரம் முழுக்க, நல்ல பொருளையும் சேர்த்து ஜனங்கள் அந்த வாசலில் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார்கள். விசிறி, கெட்டில், விளக்கு என்று மழையில் நனைந்து கிடந்தன. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவள் தலையைத் திருப்பிக்கொள்வாள். காய்கறி வாங்கப் போகிற வழியையே மாற்றிக்கொண்டாள். வீட்டில் இஸ்திரிப் பெட்டியைத் தொடுவதில்லை. பேக்கரிக்காரர் கசங்கின சட்டையோடு வேலைக்குப் போனார். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முதலில் அவளைத் தேடி வந்தவர் சலூன்காரர்தான். "அக்கா, என் மிஷின் நல்ல மிஷின்னு நீங்களே சொன்னீங்க. பயத்துல என் பொண்டாட்டி கொண்டுபோய் அந்த வாசல்ல போட்டுட்டா. இப்போ மழையில நனைஞ்சிருக்கு. யாரு பார்த்துக் கொடுப்பா?" என்று வந்து நின்றார். அவரே இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு சங்கத்துக்காரர்களிடம் போனார். வாதம் நடந்தது. டியூஷன் டீச்சர், "ஒளிச்சு வெச்சிருந்தாத்தான் பயப்படணும், இந்த அம்மா ஓடி வந்து சொன்னாங்களே" என்று பேசினார். கடைசியில் அறை திறந்தது. ஹீட்டர் ராடு இனி யாருக்கும் கொடுப்பதில்லை, வந்தால் உடைத்துச் செம்பு எடுத்துவிட வேண்டும். ஒரு பொருளை இரண்டு பேர் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். கசிகிற மிக்ஸி ஒன்றை மேஜையிலேயே வைத்து, முதலில் அதில் முள் துள்ளுகிறதா என்று பார்த்தபிறகே மற்றதைத் தொட வேண்டும். எல்லாம் பேசி முடிவானது.

வயர்மேன் அவளிடம் நேராக மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. புது வயர் இரண்டு, தடிமனாக, கிளிப்பை ஈயம் வைத்துப் பற்றவைத்துக் கொண்டுவந்து பெட்டியில் மாட்டினார். "இழுத்துப் பாரு" என்றார். இழுத்துப் பார்த்தாள். "இன்னும் பலமா இழு" என்றார்.

மறுபடி திறந்த முதல் நாள் அவள் கை பித்தானுக்குப் போகவே இல்லை. வரிசையில் நின்றவர்கள் காத்திருந்தார்கள். இந்த முறை யாரும் கொட்டாவி விடவில்லை. நாத்தனார் பக்கத்து நாற்காலியில் இரண்டாவது ஆளாக உட்கார்ந்திருந்தாள். "அண்ணி, நீங்க முதல்ல பார்ப்பீங்களா, நான் பார்க்கட்டுமா?" என்றாள். "நான் பார்க்கிறேன்" என்றாள் அக்கா.

லாண்டரிப் பெண் அந்த அறைக்கு வரவில்லை. தெருவில் எதிர்ப்பட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவாள். அக்காவும் கூப்பிட மாட்டாள். என்ன சொல்லிக் கூப்பிடுவது?

குளிர் முடியப் போகிற சமயம் ஒரு காலையில் இருவரும் ஒரே பஸ் நிறுத்தத்தில் அகப்பட்டுக்கொண்டார்கள். வேறு யாரும் இல்லை. பஸ்ஸும் வருகிற வழியாக இல்லை. அக்கா தூணுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றாள்.

"அவரு இன்னும் பச்சைத் தண்ணியிலதான் குளிக்கிறாரு" என்றது குரல்.

அக்கா தயங்கித் திரும்பினாள்.

"அடுப்புல காய வெச்சுத் தர்றேன்னாலும் கேக்க மாட்டேங்கிறாரு. சூடான தண்ணியக் கண்டாலே விரலைப் பின்னால மறைச்சுக்கிறாரு. ஜில்லுங்குது, ஜில்லுங்குதுன்னு ஊரைக் கூட்டிக்கிட்டே குளிக்கிறாரு. மாடி வீட்டுக்காரங்க எல்லாம் சிரிக்கிறாங்க." அவளுக்கும் உதட்டோரம் சிரிப்பு வந்தது. உடனே மறைந்தது. "எனக்குத்தான் சிரிப்பு வரல. அவரு கத்தலைன்னா எனக்கு பயமா இருக்கு. கதவைத் தட்டிப் பார்க்கிறேன்."

"நானும் தினமும் நினைச்சுக்கறேன்" என்றாள் அக்கா.

"தெரியும். உங்க நாத்தனார் சொல்லிச்சு." அந்தப் பெண் பையைத் தோளில் சரிசெய்துகொண்டாள். "பஸ் வருது பாருங்க."

இருவரும் ஏறினார்கள். உட்கார ஒரு இடம்தான் இருந்தது. அந்தப் பெண் அதில் உட்கார்ந்து, ஜன்னலோரம் நகர்ந்து, கொஞ்சம் இடம் விட்டாள்.